பைக்கில் ஆடாத கேரியரும் டாப் பாக்ஸும்: தூக்குநூலில் தொடங்கி 500 கிலோமீட்டர் சோதனை வரை

டாப் பாக்ஸ் ஆடினால் முதலில் திட்டு வாங்குவது பெட்டிதான். லாக் சரியில்லை, பிளாஸ்டிக் மட்டம், விலைக்கேற்ற சரக்கு என்பார்கள். பெட்டியைக் கழற்றி வைத்துவிட்டு வெறும் கேரியரைப் பிடித்து உலுக்கிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அதுவே ஆடும். சேஸிஸைப் பிடித்திருக்க வேண்டிய கேரியர் கிராப் ரெயிலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கிராப் ரெயில் பின்னால் உட்காருபவர் கையால் பிடித்துக்கொள்ளச் செய்தது. அதற்கும் பின்னால் 14 கிலோ நாள் முழுக்கத் தொங்கும் என்று யாரும் அதை வடிவமைக்கவில்லை.

100 சிசி முதல் 350 சிசி வரை, பைப் சேஸிஸும் இரும்பு கிராப் ரெயிலும் உள்ள நம் ஊர் பைக்குகளுக்கான வழிமுறை இது. ஸ்கூட்டர்களின் பின்பக்கக் கட்டமைப்பு வேறு. அவற்றுக்கு இதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுமை எங்கே போய் விழுகிறது

கடைக்குப் போவதற்கு முன்னால் ஒரு நூலும் ஒரு நட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பெட்டியின் நடுப்பகுதி வரப்போகும் இடத்திலிருந்து நட்டைக் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். கொத்தனார் பிடிக்கும் தூக்குக்குண்டு மாதிரிதான். நூல் பின்சக்கர அச்சுக்கு எவ்வளவு பின்னால் விழுகிறது என்று அளந்து எழுதி வையுங்கள். மீதி எல்லா முடிவுகளுக்கும் இந்த ஒரு அளவுதான் அடிப்படை.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-ஐ எடுத்துக்கொள்வோம். 2021-ல் வந்த புதிய மாடலில் இரண்டு சக்கர அச்சுகளுக்கும் இடையே 1,390 மி.மீ. பெட்டி 4 கிலோ, உள்ளே சாமான் 10 கிலோ, மொத்தம் 14 கிலோ என்று வையுங்கள். நூல் அச்சுக்கு 250 மி.மீ. பின்னால் விழுந்தால், முன்சக்கரத்திலிருந்து சுமார் இரண்டரை கிலோ கழிந்து, பின்சக்கரத்தில் பதினாறரை கிலோ ஏறுகிறது. 400 மி.மீ. பின்னால் போனால் முன்பக்கம் 4 கிலோ இழக்கும். 195 கிலோ வண்டியில் இது சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் அந்தச் சுமை உயரத்தில், வண்டியின் கடைசி நுனியில், காற்றை மறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. நேர்ச்சாலையில் வேகம் கூடக்கூட வண்டி பாம்பு நெளிவதுபோல் இருபக்கமும் மெதுவாக அலையத் தொடங்குவது இதனால்தான். 115 கிலோ எடையுள்ள கம்யூட்டர் வண்டியில் அதே பெட்டி இன்னும் சீக்கிரம் வேலையைக் காட்டும்.

இதைவிட முக்கியமான கணக்கு போல்ட்டுகளில் இருக்கிறது. கிராப் ரெயிலின் முன் போல்ட்டுக்கும் பின் போல்ட்டுக்கும் இடையே 80 மி.மீ., பெட்டியின் மையம் பின் போல்ட்டிலிருந்து 300 மி.மீ. பின்னால் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின் போல்ட் நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிறது. வண்டி சும்மா நிற்கும்போதே முன் போல்ட்டுகளை (இடமும் வலமும் சேர்த்து) 52 கிலோ விசை மேலே இழுக்கிறது. குழியில் இறங்கி ஏறும்போது அந்தச் சுமை 3 மடங்கானால் 157 கிலோ. இது ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை ஏறி இறங்கும். கிராப் ரெயிலின் காது விரிசல் விடுவதும், சேஸிஸில் போல்ட் ஏறும் மரை சிலிப் ஆவதும் இப்படித்தான்.

தீர்வு எளிது. கேரியரின் பின்பகுதியிலிருந்து கீழ்நோக்கி ஒரு கால் இறங்கி சேஸிஸில் வேறொரு உறுதியான இடத்தைப் பிடிக்க வேண்டும். அப்போது பக்கவாட்டில் பார்த்தால் ஒரு முக்கோணம் தெரியும். சுமை நெம்புவதை விட்டுவிட்டு அந்தக் கால் வழியே நேராகச் சேஸிஸுக்குள் இறங்கும். முக்கோணம் இல்லாத கேரியரை எவ்வளவு தடித்த இரும்பில் செய்தாலும் ஆட்டம் நிற்காது.

பிடிக்கத் தகுந்த இடங்கள்

சீட்டைக் கழற்றிவிட்டு, பின்பக்கத்தைத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். கிராப் ரெயில் போல்ட்டுகள் சேஸிஸோடு வெல்டு செய்த காதில் ஏறுகின்றனவா, மட்கார்டு தகட்டில் ஏறுகின்றனவா என்று பார்ப்பது முதல் வேலை. சேஸிஸ் காதில் ஏறுபவை பெரும்பாலும் எம்8 (8 மி.மீ. விட்டம்) போல்ட்டுகள், அவை நம்பகமானவை. மட்கார்டில் மட்டும் ஏறும் எம்6 போல்ட்டுகளைச் சுமைக்குக் கணக்கிலேயே எடுக்காதீர்கள்.

இரண்டாவது இடம், இரட்டை ஷாக் உள்ள வண்டிகளில் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பிடிக்கும் ஸ்டட், அதாவது சேஸிஸிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரைக்கம்பி. பக்கவாட்டுப் பைகளைத் தாங்கும் சாடில் ஸ்டேக்களும் சேலை கார்டும் காலகாலமாக இங்கேதான் தொங்குகின்றன. இடம் நல்ல இடம்தான். ஆனால் இரண்டு சோதனைகள் செய்யாமல் இதைத் தொடாதீர்கள். முதலாவது, 5 மி.மீ. தகட்டைச் சொருகிய பிறகும் டோம் நட்டு முழுமையாக மரை பிடிக்க வேண்டும். தொப்பி நட்டு என்பதால் உள்ளே எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வெளியே தெரியாது. ஒரு சாதாரண நட்டைப் போட்டுப் பாருங்கள், இரண்டு மரையாவது வெளியே நீட்ட வேண்டும். நீட்டவில்லை என்றால் அந்த ஸ்டட் உங்களுக்கு இல்லை, வேறு இடம் தேடுங்கள். இரண்டாவது, தகடு ஷாக்கின் ரப்பர் புஷ்ஷுக்கும் ஸ்டட்டின் தோளுக்கும் நடுவே போகக்கூடாது. புஷ்ஷுக்கும் வாஷருக்கும் வெளியே, கடைசியாக உட்கார வேண்டும். உள்ளே போனால் ஷாக் கோணலாகி, ஸ்பிரிங் தகட்டில் உரசும்.

நடுவில் ஒரே ஷாக் உள்ள மோனோ ஷாக் வண்டிகளில் இந்த ஸ்டட் கிடையாது. பின் ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட்டின் மேல் போல்ட், சைலென்சரைத் தாங்கும் பிராக்கெட், அல்லது சேஸிஸின் பின் வளைவில் தொழிற்சாலையிலேயே விட்டிருக்கும் மரை ஓட்டைகள் ஆகியவற்றைப் பாருங்கள். பலவற்றில் கறுப்பு ரப்பர் மூடி போட்டிருப்பார்கள். விரல் நகத்தால் நெம்பினால் வரும்.

வாங்குவதா, பட்டறையில் செய்வதா

உங்கள் மாடலுக்கென்றே செய்து விற்கும் கேரியர் கிடைத்தால் அதை வாங்குங்கள். ஓட்டைகள் ஜிக்கில் (அளவு மாறாமல் பிடித்துவைக்கும் சட்டத்தில்) வைத்துப் போட்டவை, போல்ட்டும் ஸ்பேசரும் கூடவே வரும். வாங்கும்போது பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அது எத்தனை இடங்களில், எதைப் பிடிக்கிறது. கிராப் ரெயிலின் மேல் யு கிளாம்ப் போட்டு உட்காரும் ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ தகடுகள் வெறும் ஹெல்மெட் வைக்கும் அளவுக்குத்தான் சரி.

பட்டறையில் செய்வதென்றால் அளவை நீங்களே சொல்லுங்கள். சட்டத்துக்கு 16 முதல் 19 மி.மீ. விட்டமுள்ள, 2 மி.மீ. கனமுள்ள பைப். சேஸிஸில் பிடிக்கும் காதுகளுக்கு 5 மி.மீ. பட்டை. பெட்டி வந்து பூட்டிக்கொள்ளும் பேஸ் பிளேட் உட்காரும் மேல்தகடு 3 மி.மீ. இரும்பு. முழுக் கேரியரும் மூன்று, மூன்றரை கிலோவுக்குள் முடிய வேண்டும். கனம் கூட்டினால் பலம் கூடும் என்று 6 கிலோ கேரியர் செய்து மாட்டினால், பெட்டியில் வைக்க வேண்டிய சாமானின் எடையைக் கேரியரே தின்றுவிடும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் தடுத்து நிறுத்துங்கள். வேலை சுலபமாகட்டும் என்று பைப்பின் நுனியைச் சுத்தியலால் அடித்துத் தட்டையாக்கி, அதிலேயே ஓட்டை போடுவார்கள். உருண்டை பைப் தட்டையாக மாறும் அந்தக் கோட்டில்தான் ஆறு மாதத்தில் விரிசல் விழும். அந்த வாய் வழியாக மழைத்தண்ணீர் உள்ளே போய் பைப்பை உள்ளிருந்தே அரிக்கும். நுனியைப் பிளந்து 5 மி.மீ. பட்டையைச் சொருகிச் சுற்றிலும் வெல்டு வைத்து மூடச் சொல்லுங்கள். கால் மணி நேர வேலைதான் கூடும்.

வண்டியின் மேல் வைத்தே வெல்டிங் செய்ய விடாதீர்கள். 2020 ஏப்ரல் 1 முதல் வந்த பிஎஸ்6 (புகை அளவு விதி) வண்டிகளில் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியுவும் சென்சார்களும் இருக்கின்றன; வெல்டிங் மின்சாரம் சேஸிஸ் வழியே போய் அவற்றைக் கெடுக்கலாம். காதுகளை வண்டியில் போல்ட் போட்டு, பைப்புகளை வைத்துச் சாக்பீஸால் குறியிட்டு, பழைய இரும்புச் சட்டத்தில் அதே ஓட்டை இடைவெளிகளோடு ஒரு ஜிக் அடித்துக்கொண்டால் வெல்டிங் முழுவதையும் வண்டிக்கு வெளியே முடித்துவிடலாம். வண்டியிலேயே டேக் (சின்னப் புள்ளி வெல்டு) வைத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், பேட்டரி நெகட்டிவ் டெர்மினலையும் இசியு கனெக்டரையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டு விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே போடச் சொல்லுங்கள். பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூர வையுங்கள்.

போல்ட், நட்டு, ஸ்பேசர்

பல கேரியர்கள் கெடுவது இருபது ரூபாய் சாமானில்தான். போல்ட்டின் தலையில் பலத்தைக் குறிக்கும் 8.8 என்ற எண் அச்சாகியிருக்க வேண்டும். எந்த எண்ணும் இல்லாத போல்ட் மிருதுவானது, முறுக்கும்போதே நீளும். துருப்பிடிக்காது என்று ஸ்டெயின்லெஸ் போட விரும்புபவர்கள் கவனிக்க: ஏ2-70 வகை ஸ்டெயின்லெஸ், 8.8 போல்ட்டைவிடப் பலம் குறைந்தது. அதோடு ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நட்டை வேகமாக ஏற்றினால் மரைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, அறுத்தால்தான் வரும். ஜிங்க் பூசிய 8.8 போல்ட்டே இந்த வேலைக்குப் போதும்.

போல்ட் நீளத்தைக் கணக்குப் போட்டு வாங்குங்கள். பழைய போல்ட் நீளத்தோடு புதிய தகட்டின் கனத்தையும் ஸ்பேசரின் நீளத்தையும் கூட்டினால் வருவதுதான் அளவு. எம்8 போல்ட் இரும்பு மரையில் குறைந்தது 8 மி.மீ., முடிந்தால் 12 மி.மீ. ஏற வேண்டும். ‘கொஞ்சம் பெரிசாவே இருக்கட்டும்’ என்று வாங்குவதும் தப்பு. முனை அடைத்த மரை ஓட்டையில் நீள போல்ட் அடியில் போய் முட்டி நின்றுவிடும். ஸ்பேனருக்கு நல்ல டைட் போலத் தெரியும், தகடு மட்டும் லூசாகவே இருக்கும். மட்கார்டுக்குள் நீட்டிக்கொண்டிருந்தால் பில்லியன் ஏறியதும் டயரைக் கிழிக்கும்.

எம்10 போல்ட்டில் இன்னொரு பொறி உண்டு: மரைகளுக்கு இடையே 1.25 மி.மீ. உள்ளதும் இருக்கிறது, 1.5 மி.மீ. உள்ளதும் இருக்கிறது. ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 1.5, பைக்கில் பெரும்பாலும் 1.25. கையால் இரண்டு சுற்று ஏறிப் பிறகு இறுகினால் நிறுத்திவிடுங்கள், மரை மாறியிருக்கிறது. கழற்றிய பழைய போல்ட்டைக் கையோடு கடைக்கு எடுத்துப் போவதே நல்ல வழி.

இடைவெளியை நிரப்ப வாஷர்களை அடுக்காதீர்கள். ஐந்து வாஷர் அடுக்கினால் ஆறு இடங்களில் வழுக்கும். லேத்தில் 8.5 மி.மீ. உள்விட்டம், 18 மி.மீ. வெளிவிட்டம் என்று சொல்லி, வேண்டிய நீளத்தில் இரும்பு ஸ்பேசர் கடைந்து வாங்குங்கள். இரண்டு முகமும் மட்டமாக இருக்கட்டும்.

ஸ்பிரிங் வாஷர் போட்டுவிட்டால் நட்டு கழலாது என்ற நம்பிக்கை இன்னமும் பட்டறைகளில் இருக்கிறது. இணைப்பு பக்கவாட்டில் நகரும்போதுதான் போல்ட் தானாகக் கழலுகிறது என்பதை ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-லேயே சோதித்துக் காட்டிவிட்டார். அந்த நகர்வை ஸ்பிரிங் வாஷர் தடுப்பதில்லை. தடுப்பது இறுக்கமும் உராய்வும்தான். 24 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கிய ஒரு எம்8 போல்ட், இரண்டு தகடுகளையும் ஏறக்குறைய 1,500 கிலோ எடைக்கு இணையான விசையோடு நெருக்கிப் பிடிக்கிறது. தகடுகள் நகராமல் இருப்பது அந்தப் பிடியால்தான்.

இதே காரணத்தால் சேஸிஸ் காதுக்கும் கேரியர் காதுக்கும் நடுவே ரப்பர் வைக்கக்கூடாது. ‘அதிர்வு குறையும்’ என்று பழைய டியூபை வெட்டி வைப்பார்கள். ரப்பர் நாளடைவில் அமுங்கும், போல்ட்டின் பிடி போகும், பிறகு கேரியர் ஆடும். கேரியர் முகத்தில் தடிமனாகப் பூசிய பவுடர் கோட்டிங்கும் இப்படித்தான் மெதுவாக அமுங்கும். காதுகள் சந்திக்கும் முகங்களில் மட்டும் அதை உப்புத்தாளால் தேய்த்து எடுத்துவிட்டு, மெல்லிய பிரைமர் ஒரு கை அடித்தால் போதும்.

பொருத்தும் வரிசை

1. வண்டியை சென்டர் ஸ்டாண்டில் மட்டமாக நிறுத்துங்கள். கிராப் ரெயில், தேவையென்றால் பின் இண்டிகேட்டர்களைக் கழற்றுங்கள். கழற்றிய போல்ட்டுகளை எந்த ஓட்டையிலிருந்து வந்தனவோ அந்தப் பெயர் எழுதிய காகிதத்தில் மடித்து வையுங்கள். ஷாக் ஸ்டட்டைத் தொடுவதென்றால் ஒரு பக்கம் முடித்துவிட்டுத்தான் மறுபக்கம். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் பின்சக்கரம் இறங்கிவிடும், பிறகு ஓட்டை சேர்ப்பதற்குள் அரை நாள் போகும்.

2. சேஸிஸ் மரைகளில் உள்ள மண்ணையும் பெயிண்டையும் எடுக்க, மரை வெட்டும் டேப்பைச் (tap) சரியான அளவில் எடுத்துக் கையால் ஒருமுறை ஓட்டுங்கள். டேப் இல்லையென்றால் பழைய போல்ட்டில் கொஞ்சம் டபிள்யூடி-40 அடித்து ஏற்றி இறக்கி, பிறகு துணியால் எண்ணெய் போகத் துடையுங்கள்.

3. கேரியரை வைத்து எல்லா போல்ட்டுகளையும் கையால் மட்டும் மூன்று நான்கு சுற்று ஏற்றுங்கள். ஸ்பேனரைத் தொட வேண்டாம். கடைசி போல்ட் ஓட்டையில் சேரும்வரை எதையும் இறுக்காமல் இருப்பதுதான் இந்த வேலையின் பாதி.

4. ஒரு ஓட்டை 2 மி.மீ. தள்ளி நிற்கிறதா? கடப்பாரையால் நெம்பிச் சேர்க்காதீர்கள். நெம்பிச் சேர்த்த கேரியர் எப்போதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருக்கும். அந்த இழுவையோடு சாலை அதிர்வும் சேரும்போது வெல்டு ஓரம் பிளக்கும். வட்ட அரத்தால் ஓட்டையை நீளவாக்கில் தேய்த்து, மேலே அகலமான 3 மி.மீ. வாஷர் போடுங்கள். இடைவெளி பக்கவாட்டில் என்றால் ஸ்பேசர்தான் வழி.

5. பின்னால் போய் நின்று பாருங்கள். மேல்தகடு பின்டயருக்கு நேர் நடுவில் இருக்கிறதா? கேரியரின் இரு ஓரங்களிலிருந்தும் தரைவரை அளவு டேப் பிடித்து அளந்தால் 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. மேல்தகடு முன்னோக்கி 2, 3 டிகிரி சரிந்திருந்தால் நல்லது. பின்னோக்கிச் சரிந்தால் சாமான் எல்லாம் பெட்டியின் பின்சுவரில் போய்ச் சாயும்.

6. இப்போது ஒவ்வொரு போல்ட்டாக வெளியே எடுத்து, மரையில் நீலநிற மீடியம் திரெட்லாக்கர் (மரை கழலாமல் பிடிக்கும் பசை) இரண்டு சொட்டு விட்டு மறுபடி ஏற்றுங்கள். சிவப்பு வகை வேண்டாம். அடுத்த முறை கழற்ற நெருப்பு வைக்க வேண்டியிருக்கும். நட்டு போடும் இடங்களில் உள்ளே நைலான் வளையம் உள்ள நைலாக் நட்டே போதும், அதைப் பலமுறை கழற்றி மாட்டினால் பிடி தளரும்.

7. இறுக்குவது குறுக்கும் நெடுக்குமாக: இடது முன், வலது பின், வலது முன், இடது பின். முதல் சுற்றில் பாதி, இரண்டாம் சுற்றில் முழு அளவு. 8.8 போல்ட்டுக்கு எம்6 என்றால் 10, எம்8 என்றால் 24, எம்10 என்றால் 45 நியூட்டன் மீட்டர். ஷாக் ஸ்டட்டுக்கு வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் உள்ள அளவுதான் கணக்கு.

டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் மீன் கடையில் தொங்கும் கொக்கித் தராசை இரவல் வாங்குங்கள். ஸ்பேனரில், போல்ட்டின் மையத்திலிருந்து 25 செ.மீ. தள்ளி நூலைக் கட்டி, ஸ்பேனருக்கு நேர் செங்குத்தாகத் தராசால் இழுங்கள். முள் 10 கிலோ காட்டும்போது போல்ட்டில் 24.5 நியூட்டன் மீட்டர் ஏறியிருக்கும். எம்6 போல்ட்டுக்கு அதே இடத்தில் 4 கிலோ. எம்6 எவ்வளவு குறைந்த விசையில் அளவை எட்டுகிறது என்பதைக் கையால் உணர்ந்துவிட்டால் அதன் பிறகு மரையை அறுக்க மாட்டீர்கள்.

8. ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பக்கத்துத் தகடுவரை வெள்ளை பெயிண்டால், அல்லது வீட்டில் உள்ள நெயில் பாலிஷால், ஒரு கோடு இழுங்கள். கோடு உடைந்தால் போல்ட் நகர்ந்திருக்கிறது. சோதிக்க ஸ்பேனரே வேண்டாம், கண் போதும்.

9. திரெட்லாக்கர் முழுமையாக இறுக 24 மணி நேரம் விடுங்கள். அதற்குள் சுமை ஏற்றாதீர்கள்.

பேஸ் பிளேட்டும் பெட்டியும்

பெட்டியின் அளவை லிட்டரில் சொல்வார்கள். ஒரு முழு ஹெல்மெட்டுக்கு 30 லிட்டருக்கு மேல் வேண்டும். இரண்டு ஹெல்மெட் என்றால் 45-ஐத் தாண்ட வேண்டும். தேவைக்கு மேல் பெரிய பெட்டி வாங்கினால் காற்றும் கூடும், நிரப்பத் தோன்றும் ஆசையும் கூடும். பெட்டியின் உள்மூடியில் எத்தனை கிலோ ஏற்றலாம் என்று அச்சிட்டிருப்பார்கள். பெரிய பெட்டிகளில் 10 கிலோ என்றும், சின்னவற்றில் 3 கிலோ என்றும் இருக்கும். கேரியரில் வேறொரு அளவு எழுதியிருந்தால், இரண்டில் குறைந்ததே உங்கள் எல்லை.

பேஸ் பிளேட்டை வைக்கும் முன் பில்லியன் சீட்டில் ஒருவரை உட்காரச் சொல்லுங்கள். அவர் முதுகுக்கும் பெட்டிக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விட்டு, அதற்கு மேல் ஒரு செ.மீ. கூடப் பின்னால் போகாதபடி பிளேட்டை முன்னுக்குத் தள்ளிப் பொருத்துங்கள். தனியாகவே ஓட்டுபவர் இன்னும் முன்னால் கொண்டுவரலாம். பெட்டியைத் திறந்தால் மூடி எதிலும் முட்டாமல் இருக்க வேண்டும், சீட் கழன்று வர வேண்டும். சீட் பின்னோக்கி இழுத்து எடுக்கும் வகை என்றால் பெட்டி அதை மறித்துவிடும்; பலர் இதை எல்லாம் முடிந்தபிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். பேட்டரி அந்தச் சீட்டுக்குக் கீழே.

பிளாஸ்டிக் பேஸ் பிளேட்டில் எம்6 போல்ட்டுகளை 5, 6 நியூட்டன் மீட்டருக்கு மேல் முறுக்காதீர்கள். மேலே அகல வாஷர், கீழே கம்பிகளைக் கவ்வும் தகடு, நைலாக் நட்டு. இங்கே திரெட்லாக்கர் கூடவே கூடாது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் வகைப் பிளாஸ்டிக்குகளை அந்தத் திரவம் தின்று மயிரிழை விரிசல் விடவைக்கும். இரண்டு மாதம் கழித்து போல்ட்டைச் சுற்றி நட்சத்திரம்போல் வெடித்திருக்கும் பிளேட்டுகளில் பல இப்படிக் கெட்டவை. பெட்ரோலால் துடைப்பதும் அதே கேடுதான். சோப்புத் தண்ணீர் போதும்.

ஆட்டம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க

கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, விரலால்தான் முடியும். ஒருவர் பெட்டியை இருபக்கமும் பிடித்து மெதுவாக ஆட்டட்டும். நீங்கள் ஆள்காட்டி விரலை இரண்டு பாகங்கள் சேரும் கோட்டின் மேல் குறுக்காக வையுங்கள், பாதி விரல் ஒன்றில், பாதி இன்னொன்றில். கால் மில்லிமீட்டர் நகர்ந்தாலும் விரல் நுனிக்குத் தெரியும். பெட்டிக்கும் பிளேட்டுக்கும் நடுவே தெரிந்தால் லாக்கின் நாக்குக்கடியில் 1 மி.மீ. ரப்பர் தகடு ஒட்டுங்கள்; ரப்பர் பயன்படும் ஒரே இடம் இதுதான். பிளேட்டுக்கும் கேரியருக்கும் நடுவே என்றால் மேல்தகடு மெல்லியது, அல்லது கவ்வும் தகடு சின்னது. கேரியருக்கும் சேஸிஸுக்கும் நடுவே என்றால் போல்ட். எந்த மூட்டிலும் விரலுக்கு நகர்வு தெரியவில்லை, ஆனாலும் மொத்தமும் ஆடுகிறதா? பைப்பே வளைந்து நிமிர்கிறது. முக்கோணம் தரும் அந்தக் கீழ்நோக்கிய கால் இல்லை என்று அர்த்தம். இடது வலமாக ஆடினால், பின்னாலிருந்து பார்க்கும்போது தெரியும் குறுக்குப் பைப் ஒன்று இரண்டு கால்களையும் இணைக்க வேண்டும்.

மழையே பெய்யாத நாளிலும் போல்ட்டைச் சுற்றி செங்கல் பொடிபோல் சிவப்பாக ஏதாவது படிந்திருந்தால் அதைத் துடைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். இரண்டு இரும்பு முகங்கள் ஒன்றையொன்று தேய்த்து உதிர்த்த தூள் அது. உள்ளே போல்ட் லூசாகி ஓட்டை அகன்றுகொண்டிருக்கிறது. விரிசலுக்கும் அதேபோல் ஓர் அடையாளம் உண்டு: வெல்டு முடியும் ஓரத்தில், பெயிண்டில் பென்சிலால் கீறியதுபோல் ஒரு கோடு. அந்த இடத்தின் மேலேயே இன்னொரு பூச்சு வெல்டு வைத்தால் பக்கத்தில் புதிதாக உடையும். விரிசலை முழுக்கக் கிரைண்டரால் திறந்து நிரப்பி, சுமையைப் பகிரும் ஒரு முக்கோணத் தகட்டை ஓரத்தில் சேர்க்க வேண்டும்.

சட்டமும் விளக்கும்

2020-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் பைக்கில் வைக்கும் பெட்டிக்கு அளவு சொன்னது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மி.மீ.க்குள். பில்லியன் இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுபவர் மட்டுமே; பில்லியனுக்குப் பின்னால் வைத்தால் இன்னொருவர் உட்காரலாம். மத்திய மோட்டார் வாகன விதி 123 பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடியும், பின்சக்கரத்தில் பாதியாவது மறைக்கும் காப்பும் கேட்கிறது. அதனால் கிராப் ரெயிலை எடுத்தால் கேரியரின் பக்கக் கம்பி பிடித்துக்கொள்ளும் உயரத்தில் இருக்க வேண்டும். இடையூறாக இருக்கிறதென்று சேலை கார்டைக் கழற்றிப் போடக்கூடாது.

பெட்டியை மாட்டியதும் பத்தடி பின்னால் நின்று, பிறகு லாரி டிரைவர் உயரத்துக்கு ஒரு ஸ்டூலில் ஏறி நின்று பாருங்கள். பிரேக் லைட், இரண்டு இண்டிகேட்டர், நம்பர் பிளேட் நான்கும் தெரிய வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது பெட்டி டெயில் லேம்பை மறைத்தால், பெட்டியின் பின்புறம் சிவப்பு ரிஃப்ளெக்டர் டேப் ஒட்டுவதோடு நிற்காமல் எல்இடி பிரேக் லைட்டும் சேர்த்துவிடுங்கள். வயரை கனெக்டர் வைத்து இணையுங்கள், வெட்டி முறுக்கி டேப் சுற்றாதீர்கள்.

ஏற்றுவதும் ஓட்டிப் பார்ப்பதும்

கனமானது அடியில், முன்சுவரை ஒட்டி. லேசானது மேலே, பின்னால். மீதி இடத்தை மழைக்கோட்டோ துண்டோ வைத்து அடையுங்கள்; உள்ளே உருளும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒவ்வொரு வளைவிலும் வண்டியை ஒரு தட்டு தட்டும். பின் டயரில் செயின் கவரில் ஒட்டியிருக்கும் ‘பில்லியனோடு’ அளவுக்குக் காற்று பிடியுங்கள். பின் ஷாக்கின் பிரீலோடை (ஸ்பிரிங்கின் முன்னிறுக்கத்தை) ஒரு படி கூட்டுங்கள், இரண்டு பக்கமும் ஒரே படியில். பின்பக்கம் அமர்ந்தால் ஹெட்லைட் மேலே தூக்கும். சுவரில் அடித்துப் பார்த்து இறக்குங்கள்.

முதல் ஓட்டம் வெறும் பெட்டியோடு, பழகிய சாலையில். அடுத்தது 5 கிலோவோடு. பிறகுதான் முழுச் சுமை. ஒவ்வொரு முறையும் வேகத்தைப் பத்துப் பத்தாகக் கூட்டி, கைப்பிடி லேசாகிறதா, வண்டி அலைகிறதா என்று கவனியுங்கள். அலையத் தொடங்கினால் பிரேக்கை அழுத்தாதீர்கள், ஹேண்டிலை இறுக்கிப் பிடித்து எதிர்க்காதீர்கள். முழங்கால்களால் டேங்கை அணைத்துக்கொண்டு திராட்டிலை மெதுவாக விடுங்கள், தானாக அடங்கும். எந்த வேகத்தில் தொடங்கியதோ அதற்கு 20 கிலோமீட்டர் குறைவுதான் அந்தச் சுமையோடு உங்கள் உச்ச வேகம். பல பெட்டிகளில் 120 என்று எழுதியிருப்பது பெட்டியின் எல்லை. உங்கள் வண்டியின் எல்லை அதற்கு வெகு முன்னாலேயே வந்துவிடலாம். பக்கக்காற்று அடிக்கும் பாலங்களிலும் நான்குவழிச் சாலையில் பஸ்ஸைத் தாண்டும்போதும் இன்னும் குறையுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும் வெள்ளைக் கோடுகளைப் பாருங்கள். உடைந்திருந்தால் அந்த போல்ட்டைக் கழற்றி, முகங்களைச் சுத்தம் செய்து, புதிய திரெட்லாக்கரோடு மறுபடி அளவுக்கு முறுக்கி, புதுக் கோடு இழுங்கள். இருந்த இடத்திலேயே கால் சுற்று முறுக்கிவிட்டால் உடைந்த திரெட்லாக்கர் திரும்பப் பிடிக்காது. பிளாஸ்டிக் பிளேட்டின் நட்டுகள் மட்டும் இந்த முதல் சோதனையில் கொஞ்சம் தளர்ந்திருப்பது இயல்பு, மறுபடி 5 நியூட்டன் மீட்டருக்குக் கொண்டுவாருங்கள். 500 கிலோமீட்டரில் பெட்டியைக் கழற்றி, வெல்டு ஓரங்களை ஈரத்துணியால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பென்சில் கோடு தேடுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு முறை செயினுக்கு எண்ணெய் விடும்போதும் ஒரு பார்வை.